உப்புச் சீடையும் உபதலைவரும்

“பல்லு எப்படி அங்கிள் இப்படி ரெண்டாப் பொளந்துது?” என்று பல் டாக்டர் சுஜி கேட்டாள்.

கஸ்தூரிரங்கன் வாயைப் பிளந்துகொண்டு நாற்காலியில் மல்லாந்திருந்தார். வாய்க்குள் அவளுடைய விரலும் குட்டிக் கண்ணாடியும் இருந்ததால் பொய் சொல்லும் சிரமம் மிச்சமாயிற்று.

அவருடைய இடது கடைவாய்ப் பல்லைப் பிளந்தது ஓர் உப்புச் சீடை. அதைச் சொன்னால் எங்கே வாங்கினீர்கள், ஏன் திருட்டுத்தனமாகத் தின்றீர்கள் என்று பேச்சு வளரும். வளர்ந்து வளர்ந்து மாடம்பாக்கத்தில் இருக்கும் மனைவி நாகலக்ஷ்மியின் காது வரைக்கும் போய்விடும்.

“பிபி, சுகர் ஏதாவது இருக்கா அங்கிள்?” என்று விரலை எடுத்துக்கொண்டு கேட்டாள் சுஜி.

“எனக்கா? பக்கவாதம் வராம இருக்கறது எப்படின்னு ஊருக்கே கிளாஸ் எடுத்தவன்மா நான்!”

கேட்ட கேள்விக்கு இது பதிலே இல்லை. ஆனால் முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குப்பை கொட்டியவர் சொல்கிற தோரணையில் சொன்னதால் பாவம், அந்தப் பெண் அதைப் பதில் என்றே நினைத்துக்கொண்டாள். ஊசியைப் போட்டு, பல்லைக் குடைந்து, தற்காலிகமாக அடைத்துவிட்டு இடது கன்னத்தை லேசாகத் தட்டினாள்.

“கொஞ்ச நேரத்துக்கு மரத்துப் போயிருக்கும். பேச்சு குழறும். பயப்படாதீங்க. சூடா எதுவும் குடிக்காதீங்க.”

கீழே இறங்கியதும் அவர் முதல் காரியமாகச் சூடாகக் காபி வாங்கினார். மற்றவர்களுக்கு அறிவுரை சொல்வதற்கென்றே பிறந்தவர்களுக்கு அடுத்தவர் அறிவுரை காதில் ஏறாது.

சீடைக் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் கஸ்தூரிரங்கனுக்கு ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருப்பது தெரிந்ததிலிருந்து நாகலக்ஷ்மி ஊறுகாய், அப்பளம், வற்றல் எல்லாவற்றையும் வீட்டை விட்டே துரத்திவிட்டாள். ஸ்ரீஜெயந்திக்குக் கிருஷ்ணனுக்கே உப்பில்லாத சீடைதான். ஒருநாள் இவர் மொட்டை மாடியில் மாவடுவும் கையுமாகப் பிடிபட்டபோது அவள் இறுதி எச்சரிக்கை கொடுத்தாள்.

“இன்னொரு தடவை உப்புப் பண்டத்தோட பிடிச்சேன்னா, நான் பெங்களூருக்கு நம்ம பிள்ளை கேஷவ் ஆத்துக்குக் கிளம்பிடுவேன். அப்புறம் நீங்களே சமைச்சு நீங்களே சாப்டுண்டு இருங்கோ.”

கஸ்தூரிரங்கனுக்குக் குக்கர் மூடியைத் திறக்கவே தெரியாது. எமனைவிட அந்த பெங்களூர் டிக்கெட்டுக்குத்தான் அவர் அதிகம் பயந்தார். பயந்து திருந்தினாரா என்றால், அதுதான் இல்லை. கேம்ப் ரோடு கடையில் உப்புச் சீடை வாங்கி, ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் “வாக்கிங் போறேன்” என்று ஸ்கூட்டரில் ஏரிக்கரைக்குப் போவார். வாக்கிங்குக்கு ஸ்கூட்டர் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. போய், வண்டியில் உட்கார்ந்தபடியே, மற்றவர்கள் நடப்பதை மேற்பார்வை பார்த்துக்கொண்டு சீடை தின்பார்.

பிபி மாத்திரை? அது தினமும் காலையில் தவறாமல் பால்கனி குரோட்டன்ஸ் தொட்டிக்குள் போனது. “மாத்திரையெல்லாம் மத்தவாளுக்கு. எனக்கு வில் பவர் இருக்கு” என்பது அவர் கொள்கை.

இந்த லட்சணத்தில்தான் போன ஞாயிற்றுக்கிழமை காலனி அசோசியேஷன் ஹாலில், உபதலைவர் என்ற ஹோதாவில், பக்கவாதம் பற்றி இரண்டு மணி நேரம் முழங்கினார். உப்பைக் குறை, மாத்திரையை ஒரு நாள் கூட விடாதே, தினமும் நட என்று மேஜையைக் குத்தினார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவரே ஒரு மந்திரமும் தயாரித்திருந்தார்.

“சிரி! தூக்கு! சொல்லு! ஓடு! எங்கே, எல்லாரும் சொல்லுங்கோ!”

எல்லோரும் சொன்னார்கள். சிரிக்கச் சொல்லு, வாய் கோணுகிறதா பார். இரண்டு கையையும் தூக்கச் சொல்லு, ஒன்று கீழே இறங்குகிறதா பார். ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லு, குழறுகிறதா பார். இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடு, நாலரை மணி நேரம் தாண்டிவிட்டால் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட முடியாது.

“ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்கோ,” என்று முடிவில் விரலை ஆட்டினார். “பேஷண்ட் ‘எனக்கு ஒண்ணுமில்லை’ன்னுதான் சொல்வான். நம்பாதீங்கோ! குண்டுக்கட்டாத் தூக்கிண்டு போங்கோ!”

கைதட்டல் ஹாலைப் பிளந்தது. மறுநாள் ஏரிக்கரையில் சீடை பல்லைப் பிளந்தது.

இப்போது அவர் காபிக் கடை வாசலில் நின்றார். காபி வாயோரமாக வழிந்து சட்டையை நனைத்தது. ‘பேஷ், ஊசி நன்னா வேலை செய்யறது’ என்று நினைத்துக்கொண்டார். டம்ளரும் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. கடைக்காரரை, டம்ளரில் எண்ணெய்ப் பிசுக்கு என்று திட்டப் பார்த்தார். வார்த்தை வாய்க்குள்ளேயே கொழகொழவென்று உருண்டது.

அந்த நேரம் பார்த்து நாகலக்ஷ்மியின் போன் வந்தது. எடுத்தால் குழறல் காட்டிக்கொடுத்துவிடும். எடுக்காவிட்டால் வாக்கிங் போன மனுஷனைத் தேடிக்கொண்டு ஏரிக்கரைக்கே வந்துவிடுவாள். போனைக் கட் பண்ணிவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் வண்டி வேகம் எடுக்கவில்லை. போன வாரம்தான் சர்வீஸ் பண்ணிய மெக்கானிக்கின் பரம்பரையையே மனசுக்குள் வைதபடி வீடு வந்து சேர்ந்தார்.

“ஏன்னா, போனை ஏன் கட் பண்ணினேள்?” என்று வாசலிலேயே கேட்டாள் நாகலக்ஷ்மி.

பளிச்சென்று ஒரு யோசனை வந்தது அவருக்கு. அன்றைக்கு ஏகாதசி. விரலை உதட்டில் வைத்து, மேலே பார்த்துக் கும்பிட்டார்.

“என்னது, மௌன விரதமா? நீங்களா? தூக்கத்துலயே அசோசியேஷன் மீட்டிங் நடத்தறவராச்சே!”

அவர் சோபாவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மரப்பு விடுகிற வரைக்கும் இப்படியே ஓட்டிவிட்டால் போதும்.

“கார்த்தால பொங்கல் சாப்டறச்சே ஏகாதசி ஞாபகம் இல்லையோ? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்கோ. எனக்கு என்னமோ பண்றது.”

இவர் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் ‘நாளைக்குப் பேசுகிறேன்’ என்று எழுதிக் காட்டினார்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “என்னன்னா இது? எறும்பு மைல விழுந்து எழுந்து ஓடினாப்ல இருக்கு!”

பேனா சரியில்லை என்று சைகை காட்டினார். நாகலக்ஷ்மியின் முகம் மாறியது.

சரியாக அந்தச் சமயத்தில் வேதசிரோமணி வந்து சேர்ந்தார். அசோசியேஷன் பொருளாளர். போஸ்டாபீஸில் வேலை பார்த்து ரிடையரானவர். போன ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வேத வாக்காகக் கேட்டுக்கொண்டவர்.

“சார், எங்க சர்ச்சிலயும் நீங்க ஒரு தடவை பேசணும்னு பாஸ்டர் ஆசைப்படறாரு. என்னிக்கு வர்றீங்க?”

“வேதா சார், இவர் பேசவே மாட்டேங்கறார்!” என்றாள் நாகலக்ஷ்மி.

“யாரு, நம்ம சாரா? பேச மாட்டேங்கறாரா? அதுவும் மைக் குடுக்கறேன்னு சொல்லியும்?”

வேதசிரோமணி ஒரு கணம் திகைத்தார். பிறகு, வாழ்நாள் முழுக்க இந்த ஒரு சந்தர்ப்பத்துக்காகவே காத்திருந்தவரைப் போல நிமிர்ந்தார்.

“சார், சிரிங்க.”

கஸ்தூரிரங்கன் முறைத்தார்.

“முறைக்காதீங்க சார். சிரிங்க!”

சிரித்துத் தொலைத்தால் போய்விடுவார் என்று சிரித்தார். நாகலக்ஷ்மி “பெருமாளே!” என்று நெஞ்சில் கை வைத்தாள். கல்யாண ஆல்பத்தில் கூட இவ்வளவு கோணலான சிரிப்பு இல்லை.

“தூக்குங்க சார், ரெண்டு கையும்!”

தூக்கினார். வலது கை பாதி வழியில் களைத்துப்போய் மெள்ள இறங்கிவிட்டது. ஆக்ஸிலேட்டரை முறுக்கின வலி என்று அதை இன்னொரு கையால் பிடித்துக் காட்டினார். யாருக்கும் புரியவில்லை.

“சொல்லுங்க சார். நீங்க சொல்லிக் குடுத்த அதே வாக்கியம். மாடம்பாக்கம் ஏரியில் மழைத் தண்ணி நிறைஞ்சிருக்கு!”

விரதம் கலைந்தது. “மாதம்பாக்கம் ஏயியில மயைத் தந்நி...” என்று தொடங்கி, அதற்கு மேல் போக முடியாமல், “யோவ், எனக்கு ஒந்நுமில்ல!” என்று கத்தினார்.

“சொல்லிட்டாரு!” என்று துள்ளினார் வேதசிரோமணி. “அதே வார்த்தை! ‘ஒண்ணுமில்லைன்னுதான் சொல்வான், நம்பாதீங்கோ’ன்னு சார் அன்னிக்கே சொன்னாருல்ல! ஹில்டா டீச்சர்! காரை எடுங்க! உபதலைவருக்கு வந்துடுச்சு!”

மாடி வீட்டு ஹில்டா டீச்சர் பரீட்சை பேப்பரைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாள். அவளும் அந்தக் கூட்டத்தில் சிரி, தூக்கு, சொல்லு, ஓடு என்று கோரஸ் பாடியவள்தான்.

“அவரோட மெடிக்கல் ஃபைலை எடுத்துக்கோங்க ஆன்ட்டி.”

“ஃபைலா? போன தடவை செக்கப் போனப்போ ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில வெச்சார். வேதா சார், அந்தச் சாவியை எடுங்கோ.”

கஸ்தூரிரங்கனுக்கு உயிரே போய்விட்டது. சீட்டுக்கு அடியில் ஃபைல் மட்டுமா இருக்கிறது? ஒரு செருப்பு வாசலிலேயே கழன்றது கூடத் தெரியாமல் தடுமாறி ஓடி, ஸ்கூட்டர் சீட்டின் மேல் குப்புற விழுந்து அதை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“ஐயோ, ஸ்கூட்டரைக் கட்டிண்டு அழறாரே!” என்றாள் நாகலக்ஷ்மி. இருபத்தெட்டு வருஷ தாம்பத்தியத்தில் தன்னைக் கூட அவர் இப்படிக் கட்டிக்கொண்டதில்லை என்ற ஆதங்கமும் அந்தக் குரலில் இருந்தது.

“திடீர்க் குழப்பம்! அதுவும் ஒரு அறிகுறிதான், சார் சொல்லியிருக்காரு,” என்றாள் ஹில்டா. “ஃபைல் வேண்டாம், விடுங்க. நேரம் போகுது.”

குண்டுக்கட்டாகத் தூக்கிக் காரில் போட்டார்கள். எப்படித் தூக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் கார் நின்றது. நடு ரோட்டில் ஒரு தண்ணி லாரி யாருக்கும் வழி விடுவதில்லை என்று சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டதைப் போல நின்றது. பின்சீட்டில், வேதசிரோமணிக்கும் நாகலக்ஷ்மிக்கும் நடுவே நசுங்கியபடி கஸ்தூரிரங்கன் மும்முரமாக யோசித்தார்.

பல் விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டால்? பல் எப்படி உடைந்தது என்று கேட்பாள். சாதத்தில் கல் இருந்தது என்று சொல்லலாம். என் சமையல்ல கல்லா என்று ஆரம்பித்தால் அது பெங்களூரோடு நிற்காது. சொல்லாமல் இருப்பதே உத்தமம். ஆனாலும் ஒரு சபலம், வாயைத் திறந்து விரலால் உள்ளே காட்டினார்.

“பாவம், தண்ணி கேக்கறார்,” என்று நாகலக்ஷ்மி பாட்டிலைத் திறந்தாள்.

“குடுக்காதீங்கம்மா!” என்று வேதசிரோமணி அலறினார். “விழுங்க முடியாம புரை ஏறிடும். இப்ப வாய்க்குள்ள எதையும் போடக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு.”

கஸ்தூரிரங்கன் தன் இரண்டு மணி நேரப் பேச்சில் இவ்வளவு விஷயம் இருந்ததா என்று முதல் தடவையாக வருத்தப்பட்டார்.

வேளச்சேரி ரோட்டு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். எமர்ஜென்சியில் உமேஷ் என்ற இளம் டாக்டர். கண்ணில் டார்ச் அடித்தார், கையைத் தூக்கச் சொன்னார், விரலைப் பிடித்து அழுத்தச் சொன்னார். பிபி பார்த்த நர்ஸ் ஒரு தடவை பார்த்துவிட்டு மெஷின் மேல் சந்தேகப்பட்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

“இருநூத்திப் பத்து, நூத்தி இருபது டாக்டர்.”

“என்னைக் கதத்திண்டு வந்தா எப்பதி இருக்கும்?” என்றார் கஸ்தூரிரங்கன்.

“எப்போ ஆரம்பிச்சுது?” என்று டாக்டர் கேட்டார்.

“வீட்டுக்கு வந்தப்பவே இப்படித்தான் இருந்தார். ஒரு மணி நேரம் இருக்கும்,” என்றாள் நாகலக்ஷ்மி.

“நல்ல வேளை, சீக்கிரம் கொண்டு வந்துட்டீங்க. உடனே தலைக்கு ஸ்கேன் எடுக்கணும். ரத்தக் கசிவு இல்லைன்னா, பிபியை இறக்கிட்டு, கட்டியைக் கரைக்கற ஊசி போடுவோம். அதுல சில ரிஸ்க் இருக்கு, அம்மா கையெழுத்துப் போடணும்.”

நாகலக்ஷ்மி பேனாவைக் கையில் வாங்கினாள். “எந்த எடத்துல வேணா போடறேன் டாக்டர். மனுஷரைப் பேச வெச்சுடுங்கோ. காலம் பூரா இவர் பேசிப் பேசியே என் பிராணனை வாங்கினார். பேசாம இருந்தா எனக்குத் தாங்கலை,” என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

கஸ்தூரிரங்கன் அதைப் பார்த்தார். பேனாவையும் பார்த்தார். ஒரு பல்லுக்காக மூளைக்கு ஊசியா? போதும் என்று முடிவு பண்ணினார்.

“நிறுத்து, நாகு! இது ஸ்த்ரோக் இல்ல. பல்லு! பல் தாக்தர் ஊசி போத்தா. அதான் வாய் கோநறது!”

“பல்லா? பல்லுக்கு என்ன?” என்றாள் நாகலக்ஷ்மி.

“உதைஞ்சு போச்சு.”

“எப்படி உடைஞ்சுது?”

அவர் கூரையைப் பார்த்தார். “சீதை.”

“எது? நான் பண்ற உப்பில்லாத சீடை வாயில போட்டா கரையுமே!”

“கேம்ப் ரோத்து சீதை. ஸ்கூத்தர் சீத்துக்கு அதியில இருக்கு.”

நாகலக்ஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை போன இடம் தெரியவில்லை. “ஓஹோ! அதான் ஸ்கூட்டரைக் கட்டிண்டு அழுதேளா? தினம் வாக்கிங் போய் வந்தும் இடுப்பு ஒரு இஞ்ச் குறையலையேன்னு பார்த்தேன்!”

“பிபி மாத்திரையாவது ஒழுங்கா போடறீங்களா?” என்று டாக்டர் குறுக்கே புகுந்தார்.

உண்மை பேசத் தொடங்கிய வாய் நிற்கவில்லை. “குரோத்தன்ஸ்.”

“அடப் பாவி மனுஷா! அதான் அந்தச் செடி மட்டும் எந்தக் காத்துக்கும் அசையாம அவ்வளவு சாந்தமா நிக்கறதா!” பேனாவை மேஜையில் வைத்தாள். “ஹில்டா, நாளைக்கு பெங்களூர் வண்டி எத்தனை மணிக்குன்னு போன்ல பாரும்மா.”

ஹில்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த நர்ஸும் திரும்பிக்கொண்டு சிரித்தாள். வேதசிரோமணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

“மன்னிச்சுக்குங்க சார். நான்தான் அவசரப்பட்டு ஊரைக் கூட்டிட்டேன்.”

பெங்களூர் போனால் போகட்டும், உபதலைவர் பதவியாவது மிச்சம் என்று கஸ்தூரிரங்கன் தலையணையில் நிமிர்ந்தார். பழைய களை முகத்தின் ஒரு பாதிக்கு மட்டும் திரும்பியது.

“இதான்யா அரைகுதை ஞானம்கறது. பல் ஊசிக்கும் ஸ்த்ரோக்குக்கும் வித்தியாசம் தெயியலை. அதுத்த ஞாயித்துக்கியமை இன்னொரு கிளாஸ் எதுக்கறேன். எல்லாரும் வரணும்!”

டாக்டர் உமேஷ் மட்டும் குறிப்பை எழுதிக்கொண்டே இருந்தார். “கை ஏன் சார் இறங்குது?”

“ஆக்ஸிலேத்தர் தைத்து.”

“சரி. ஸ்கேன் ரூமைத் தயாரா வைக்கச் சொல்லுங்க சிஸ்டர். நான் எதுக்கும் அந்தப் பல் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன். நம்பர் இருக்கா?”

கஸ்தூரிரங்கன் பெருமிதத்தோடு தன் போனை நீட்டினார். அது விரலிலிருந்து நழுவிப் படுக்கையில் விழுந்தது. டாக்டரே எடுத்து, சுஜியை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“ஆமா டாக்டர், கஸ்தூரிரங்கன் அங்கிள்தானே? நான்தான் மரத்துப் போற ஊசி போட்டேன். வாய் கொஞ்சம் கோணத்தான் செய்யும், பேச்சும் குழறும். பயப்பட வேண்டாம்.”

“கேத்தேளா?” என்று கஸ்தூரிரங்கன் வெற்றியோடு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நாகலக்ஷ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“தேங்க்ஸ் டாக்டர். வலது பக்க முகம் நல்லாவே இறங்கியிருக்கு, அதான் கேட்டுக்கலாம்னு கூப்பிட்டேன்,” என்றார் உமேஷ்.

போனில் சுஜியின் குரல் மாறியது.

“வலது பக்கமா? டாக்டர், நான் ஊசி போட்டது இடது பக்கமாச்சே!”